இடப்பக்கக் கதிரை

பலேர்மோ, இத்தாலி,
2.3.1997, ஞாயிறு

அன்புள்ள தவநேசனுக்குக் குணரத்தினம் எழுதுவது,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. நாங்கள் மூவரும் இங்கே சுகம். நீ சுகமில்லை என்பதைப் பக்கம் பக்கமாக நீயே எழுதியிருப்பதால் வழக்கமான விசாரிப்பை விட்டுவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. இதை இந்திராவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கடிதத்தின் தலைப்பில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். இந்த வீட்டில் கனடாக் கடிதங்களை உடைப்பவள் அவள்தான். நான் வேலையால் வந்தபோது, காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவடியில் நின்று கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நீ மச்சான், எனக்கும் நீ மச்சான். அவளுக்குத் தாய்மாமன் மகன் என்ற உரிமையில். எனக்குப் பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்த பழக்கத்தில். இரண்டில் எது பெரிது என்று, எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். தை மாதக் கடைசியில், வடக்கே ஒரு சிறிய நகரத்தில், உறைமழை பெய்து ஓய்ந்த பின்னேரம் இறங்கியிருக்கிறாய். ஓடுபாதையில் மணல் போட்டிருந்தார்கள். இறக்கம் நல்ல இறக்கம். ஓடுபாதையிலிருந்து கட்டிடத்துக்குத் திரும்பும் வழியில் மணல் இல்லை. கண்ணாடி போல ஐஸ். உனக்குப் பின்னால் இன்னொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. கெதியாகப் பாதையை விட்டு விலக முடியுமா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டார்கள். நீ ஓம் என்றாய். நடக்கும் வேகத்தில் எடுக்க வேண்டிய திருப்பத்தை ஓடும் வேகத்தில் எடுத்தாய். முன் சக்கரம் திரும்பியது, விமானம் திரும்பவில்லை. நீ சக்கரத்தை இன்னும் திருப்பினாய். விமானம் நேராகவே வழுக்கிப்போய் ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பனி அள்ளும் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற, செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு மனிதன் ஓட வெளிக்கிட்டு வழுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் கிடந்தபடி உன்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகம் உன் கண்ணை விட்டுப் போகவில்லை.

கம்பனி உன்னை வேலையால் நிறுத்தவில்லை. பயிற்சி இயந்திரத்தில் சில நாள் இருத்தி, ஒரு சோதனை வைத்து, பழைய கதிரையைத் திரும்பத் தருவதாகச் சொல்கிறது. இந்த மாத முடிவுக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். நீயோ வேலையை விட்டுவிட்டு ஸ்காபரோவில் உன் மனைவியின் தமையனுடைய மளிகைக் கடையில் போய் நிற்கலாமென்று யோசிக்கிறாய். "எங்களுக்குள்ளை படிச்சவன் நீதான் மச்சான், நீ சொல்லு, நான் செய்யிறன்" என்று முடித்திருக்கிறாய்.

அந்த வரியை நீ மனதாரத்தான் எழுதியிருப்பாய். அதுதான் எனக்கு எரிச்சல்.

படித்தவன் நான். உண்மை. பலாலிக் கம்பி வேலியில் முகத்தை வைத்து விமானம் பார்க்க உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவனும் நான்தான். அது கிளம்பியபோது நீ காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்றாய். பௌதிகத்தில் நான் செய்த கணக்கைப் பார்த்து நீ எழுதினாய். என் புள்ளிகள் பொறியியல் பீடத்துக்குப் போதும் என்று இருந்த நேரத்தில், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து போதாது என்றது. உன் புள்ளிகள் எந்தக் காலத்துக்கும் போதாதவை. ஆனால் உன்னைக் கூப்பிட்டு விமானம் ஓட்டப் படிப்பிக்க உனக்கு லண்டனில் ஒரு சித்தப்பா இருந்தார். நான் பௌதிக ஆசிரியரானேன். பிறகு சண்டை வந்து அந்தக் கரும்பலகையையும் எடுத்துக்கொண்டது. இப்போது நீ நூற்றுச் சொச்சம் பேரை வைத்து உருட்டுகிறாய். நான் ஒரு கிழட்டு அவ்வொக்காத்தோவை, வழக்கறிஞராக இருந்தவரை, சக்கரக் கதிரையில் வைத்து உருட்டுகிறேன். இரண்டு பேருக்கும் முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம் என்று இந்திரா ஒருமுறை பகிடி விட்டாள். நான் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கவலைதான் முதலில் வந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நானும் எழுதமாட்டேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. இடியப்பம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். இந்திரா ஒன்றும் சாப்பிடாமல் எனக்குப் பரிமாறிவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் ஆரணி, நீ கப்டன் உடுப்பில் அனுப்பிய படத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. பால் எடுக்கப் போனாலும் உன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். மாமாவை அவள் இத்தாலிய மொழியில் சீயோ என்பாள். அந்தப் படத்தைப் பார்த்து, "சீயோ இனித் தொப்பி போடமாட்டாரோ பப்பா?" என்று கேட்டாள். போடாவிட்டால் என்ன, அவருக்குத் தலைமயிர் இருக்கிறதுதானே என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தபோதுகூட இந்த வீட்டில் இவ்வளவு துக்கம் இருந்ததில்லை.

செய்தி எங்கள் ஒழுங்கைக்குள்ளும் பரவிவிட்டது. நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாவில் ஒரு யன்னலில் தும்மினால் எதிர் யன்னலில் வாழ்த்துவார்கள். மேல்மாடியில் ஜோக்கிம் என்று ஒரு மன்னார்க்காரன் இருக்கிறான். நல்லவன், ஆனால் வாய் சும்மா இராது. மரக்கறிச் சந்தையில் எல்லாருக்கும் முன்னால், "குணம் அண்ணை, உங்கடை பைலற் பிளேனை வயலுக்குள்ளை விட்டு உழுதவராம்?" என்றான். நான் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எத்தனை வருடமாகக் காத்திருந்த பகிடி அது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஐஸில் விமானம் உருட்டுவதென்றால் என்னவென்று தெரியுமா என்று தொடங்கினேன். இயந்திரங்களை ஆகக் குறைந்த விசையில் விட்டாலும், ஆட்கள் குறைந்த விமானத்தை அந்த விசையே ஐஸில் வேகமெடுக்க வைக்கும் என்றேன். வால் ஒரு பாய் மாதிரி. பக்கக் காற்று வாலைத் தள்ளினால் மூக்கு காற்றின் பக்கம் திரும்பப் பார்க்கும் என்றேன். முன்னால் போகிற விமானத்தின் வெப்பம் பனியை உருக்கிவிட்டுப் போக, அது திரும்ப உறைந்து முன்னையதை விட மோசமாகும், அதனால்தான் விலகிப் போவார்கள் என்றேன். கத்தரிக்காய் விற்ற சிசிலிக்காரன்கூட வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஜோக்கிம், "அப்ப நீங்கள்தான் ஓட்டினனீங்களோ அண்ணை?" என்றான்.

இவையெல்லாம் எனக்கு எங்கிருந்து தெரியும்? நீ எழுதியவைதான். கனடாவுக்குப் போன முதல் குளிர்காலத்தில், துணை விமானியாக இருந்தபோது, புதுமாப்பிள்ளை மாமியார் வீட்டைப் புகழ்வதுபோல ஐஸைப் பற்றி எழுதினாய். அந்தக் கடிதங்களை நான் வயிறெரிய வாசித்தேன். வயிறெரிய வாசித்தது மறப்பதில்லை. இந்த ஊரில் ஐஸ் என்றால் மீன்காரன் வாள்மூக்கு மீனுக்கு மேல் கொட்டுவதுதான். ஆனாலும் யாராவது என்னை ஒரு விமானத்தில் இருத்தினால் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஒருவரும் இருத்தமாட்டார்கள் என்பது வேறு கதை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்திரா பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறினாள். மேலே குகைக்குள் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோவில் இருக்கிறது. நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் இந்த ஊரில் குறை சொல்லி அழுவதற்கு அவளை விட்டால் எங்கள் பெண்களுக்கு வேறு ஆள் இல்லை, எல்லாரும் ஏறுகிறார்கள். நேர்த்தி உனக்காக. கல் பாதை. முதல் நாள் பெய்த மழையில் குளிர்ந்து கிடந்தது. நான் சப்பாத்தோடு பின்னால் போனேன். என் பெர்மெஸ்ஸோவுக்காக, இங்கே இருப்பதற்கான அனுமதிக்காக, நான் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியலிலிருந்து காய்ந்தபோது, குடையை மறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவள் இவள். எனக்காக ஒரு செருப்பையும் கழற்றியதில்லை. இதை நான் வழியில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மலை ஏறும்போது வாயும் மூச்சும் ஒன்றாகத் திறந்துவிடுகின்றன.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். பாதத்தில் ஒட்டியிருந்த சின்னக் கல்லைத் தட்டிவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள்: "தவம் மச்சான் இறங்கினால் நீங்கள் ஏறிடுவியளோ?"

பிறகு கோவில்வரை எனக்கு முன்னால் விறுவிறென்று ஏறினாள். குகைக்குள் மேலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகளில் பிடித்து ஒரு தொட்டிக்கு விடுகிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். எனக்கும் தெளித்தாள். நீ கேட்ட கேள்விக்கு அங்கேதான் நான் முதல்தடவையாக யோசிக்கத் தொடங்கினேன் என்று எழுதினால் அது சாந்தா ரொசாலியாவின் அற்புதமாகிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. அவள் கேட்டது என்னைக் குத்தியது. குத்தியபடியால் யோசித்தேன்.

யோசித்ததைச் சொல்கிறேன். நீ உன் கைகள் பிழைத்துவிட்டன என்று நினைக்கிறாய். கைகள் செய்த பிழை சின்னது. தரையில் பிடிப்பு இல்லாதபோது சக்கரத்தைக் கூடத் திருப்பத் திருப்ப அது உருளாமல் வெறும் கட்டை மாதிரி இழுபடும். கொஞ்சம் நிமிர்த்தி விட்டால்தான் திரும்பத் தரையைப் பிடிக்கும். நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்து முடித்து, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். இது உனக்குத் தெரியும், நீதான் எனக்கு எழுதினாய். பயத்தில் எதிர்மாறாகச் செய்துவிட்டாய். பயிற்சி இயந்திரத்தில் இருத்தி அதைத்தான் உனக்குப் பழக்கப் போகிறார்கள். அது பழகலாம்.

பெரிய பிழை கைக்கு முன்பே நடந்துவிட்டது. அதை உன் கம்பனி கண்டுபிடிக்காது. கோபுரத்திலிருப்பவன் விலக முடியுமா என்றுதான் கேட்டான், விலகு என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை இருந்தது. சொல்லியிருந்தால் பின்னால் வந்தவன் இன்னொரு வட்டமடித்து வந்திருப்பான். முடியாது என்று சொல்லும் விமானியை அங்கே ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை என்று நீயே ஒருமுறை எழுதியிருந்தாய். அப்படியிருந்தும் நீ ஏன் ஓம் என்றாய்? எனக்குத் தெரியும். அந்தக் கம்பனியில் இடப்பக்கக் கதிரையில், கப்டனுடைய இடத்தில், இருக்கும் ஒரே தமிழன் நீ. ஒரு வெள்ளைக்காரன் தயங்கினால் கவனம் என்பார்கள். நீ தயங்கினால் இவனுக்கு ஏலாது என்பார்கள் என்று பயந்தாய். நாட்டை விட்டு வந்த எங்கள் எல்லாருக்கும் இந்த வருத்தம் இருக்கிறது. கேட்டவன் கேட்டு முடிக்க முன்னமே ஓம் சொல்லிவிடுகிறோம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்கழியில் ஒரு ஞாயிறு, அவ்வொக்காத்தோவைப் பூசைக்குக் கொண்டுபோகும்போது மணி அடித்துவிட்டது. வீட்டு எசமானி சிஞ்ஞோரா முன்னால் நடந்தபடி கெதியாக, கெதியாக என்று கையைத் தட்டினாள். பல்லரோ சந்தைக் கல்லெல்லாம் மீன் கழுவின தண்ணீர். மெதுவாகத்தான் போகலாம் என்று எனக்குத் தெரியும், அதுவும் சரிவு. நான் "சி சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்றேன். வளைவில் கதிரை திரும்பவில்லை. பக்கவாட்டில் வழுக்கிப்போய்க் கார்ச்சொஃபி மரக்கறி அடுக்கிய பெட்டிகளில் மோதி நின்றது. கிழவருடைய தொப்பி ஓர் இடம், போர்வை ஓர் இடம். சந்தை முழுக்கச் சிரித்தது. அவள் அந்த இடத்திலேயே கதிரையை என் கையிலிருந்து வாங்கி, கடைக்காரப் பெடியன் ஒருவனிடம் கொடுத்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். அன்றைக்கு நானும் வேலையை விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. கிழவர் கதிரையில் இருந்தார். கைப்பிடிகள் இரண்டையும் விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தள்ளு என்று தலையை மட்டும் ஆட்டினார். பயந்துகொண்டுதான் இருந்தார், தவம். ஆனால் இறங்கவில்லை. சிஞ்ஞோரா கையைத் தட்டினாள். நான், "பியானோ, சிஞ்ஞோரா" என்றேன். மெதுவாக என்று அர்த்தம். ஏழு வருடத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் மறுப்பு. பூசைக்குப் பிந்தித்தான் போனோம். அவள் என்னை வேலையால் நிறுத்தவில்லை.

இது உன்னுடையதோடு வைத்துப் பார்க்கக்கூடிய விடயமல்ல என்று எனக்குத் தெரியும். நீ சிரித்தாலும் பரவாயில்லை. இதை இந்திராவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

அந்த மனிதனுடைய முகத்தைப் பற்றியும் ஒரு சொல். நீ அதை மறக்கப் பார்க்கிறாய். மறக்காதே. கடையில் நின்று பருப்பு நிறுத்தாலும் அந்த முகம் வரும். அங்கே வந்து அதற்கு ஒரு வேலையும் இராது. கதிரையில் இருக்கும்போது வந்தால் உன் வேகத்தைக் குறைக்கும். கீழே நிற்கிறவர்களை உன்னைப் போல மேலே இருப்பவர்கள் அடிக்கடி காண்பதில்லை. நான் கீழே நிற்கிறவன், அதனால் சொல்கிறேன். உன் இடத்துக்கு வருகிறவன் அவனை ஒருநாளும் கண்டிராதவனாக இருப்பான்.

ஆகவே என் பதில் இதுதான். நீ அந்தக் கதிரையை விடக் கூடாது. உனக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னில் எனக்குள்ள கோபம் ஒன்றும் தீரவில்லை. சித்தப்பாவும், அந்தக் கப்டன் படமும், மலையில் வெறுங்காலும், எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் நான் இருக்க விரும்பிய இடத்தில் நீ போய் இருந்தாய். இவ்வளவு காலமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் இங்கே நிலம் துடைத்தேன். அதை விட்டு எழும்பிப் போய் மளிகைக் கடையில் நிற்க உனக்கு மனம் வரலாம். அதற்குப் பிறகு அந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நான் யார் மேல் பொறாமைப்படுவது? ஜோக்கிம் மேலா?

கம்பனிக்கு வருகிறேன் என்று எழுது. சோதனையைச் செய். உறைமழைக் காலம் முடிய முன் திரும்ப ஏறு. வெயிலுக்குக் காத்திருந்து ஏறினால் அது ஏறினதாகாது. இந்திரா வைகாசிவரை மச்சம் சாப்பிடாமல் இருக்கப் போகிறாளாம். அதற்கு மேல் நீட்ட விடாதே, இந்த வீட்டில் மீன் குழம்பு இல்லாமல் நானும்தான் கிடக்கிறேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. சாந்தா ரொசாலியா என்னிடம் கேட்டால் நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன். சப்பாத்தோடு போனவன் நான்.

ஐஸில் மெதுவாகப் போ, தவம். ஆராவது கெதியாக விலகு என்றால் முடியாது என்று சொல். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கட்டும். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து உனக்குப் பின்னால் நிற்கிறவன் சொல்கிறேன்: காத்திருப்பதால் ஒருவரும் செத்துப்போவதில்லை.

நல்லாயிரு.

இப்படிக்கு,
உன் மச்சான்
குணரத்தினம்